குழு நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? கடலூர் ரத்தக் கொடையாளர் குழு அனுபவம்

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் ஒரு ரத்தக் கொடையாளர் குழுவில் இருக்கிறேன். 2015 வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டப் போன இடத்தில் பழக்கமான பதினொரு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளூர் மருத்துவமனைகளுக்கும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நம் ஊர்க்காரர்களுக்கும் கேட்ட நேரத்தில் ஆள் அனுப்புவோம். போன ஆண்டுவிழாவில் ‘700 கொடையாளர்கள்’ என்று பேனர் வைத்தோம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு ஊருக்குள் வந்ததல்லவா? ஒருங்கிணைப்பாளர் அண்ணன் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவருடைய போன் போய்விட்டது. கொடையாளர் பட்டியல் அந்த ஒரு போனில்தான் இருந்தது. மறுநாள் ஒரு பிரசவத்துக்கு ஏ நெகட்டிவ் வேண்டும் என்று எனக்கு அழைப்பு. கொடுக்கக்கூடியவர் ஊரில் எங்கோ இருக்கிறார், ஆனால் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக அந்தப் பெண்ணின் சித்தப்பாவுக்கே அதே வகை. தாயும் பிள்ளையும் நலம். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு, அண்ணனிடம் இருந்த பழைய நோட்டுகளிலிருந்து பட்டியலை மறுபடி எழுதி, நாங்கள் நான்கு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா எண்ணுக்கும் போன் போட்டோம். பாதிக்கும் மேல் எண்ணே இல்லை, அல்லது ஆள் சென்னை, திருப்பூர், துபாய் என்று போய்விட்டார். சிலருக்கு 65 வயது தாண்டிவிட்டது. சிலர் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்கள். ஒருவருடைய எண்ணை அவர் மனைவி எடுத்தார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். ‘உங்க குழுவுல இருந்து யாரும் வரலையேன்னு அப்ப நெனச்சேன்’ என்றார். பதினேழு முறை ரத்தம் கொடுத்த மனிதர் அவர். எங்களுக்குத் தெரியவே இல்லை.

கடைசியில், கூப்பிட்டால் இந்த மாதம் வரக்கூடியவர்கள் 160 சொச்சம். போன வருடம் கொடுத்ததில் பெரும்பகுதி அதே முப்பது பேர். இரவு போன் எடுப்பவர்கள் இரண்டே பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பையன் ஒருவன் நோயாளி வீட்டாரிடம் பெட்ரோலுக்கு என்று 300 ரூபாய் வாங்கிவிட்டான். விஷயம் தெரிந்ததும் இரவோடு இரவாக அவனை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளில் அவனுடைய கூட்டாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வெளியேறினார்கள்.

700 என்ற எண்ணும், போட்டோக்களும், வாங்கிய கேடயங்களும் எங்கள் குழுவின் நிலையைச் சொல்லவில்லை. அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவுத்துறை ஓய்வு:

தம்பி, உங்கள் குழு பதிவு செய்ததா? தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, வருடம் ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது. இவ்வளவுதான் அடிப்படை. நிர்வாகம் சரியில்லை என்று மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மனுப் போட்டால் பதிவாளர் விசாரிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

ஆனால் பதிவு எண் இருப்பதால் சங்கம் நன்றாக நடக்கிறது என்று ஆகாது. பணியில் இருந்த காலத்தில் நான் முதலில் பார்ப்பது தீர்மானப் புத்தகம். எல்லாத் தீர்மானமும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆறு கூட்டத்தின் கையெழுத்தும் ஒரே பேனா மையில் இருந்தால் அது கூடிப் பேசிய சங்கம் இல்லை, ஒரே நாளில் எழுதி முடித்த புத்தகம். ‘உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது’ என்று எங்காவது ஒரு வரி இருந்தால், அங்கே பேச இடம் இருக்கிறது என்று தெரியும். அப்படிப்பட்ட சங்கங்கள் சண்டை போடும், ஆனால் உடையாது. நான் கண்ட அளவில் சொல்கிறேன்.

பணம் யார் கணக்கில் வருகிறது?

கெடிலக்கரை:

பதிவு செய்யவில்லை ஐயா. முகாம் செலவுக்கு நண்பர்கள் தருவது அண்ணனின் ஜிபே எண்ணுக்குத்தான் வருகிறது. அவர் தன் கைக்காசையும் போட்டுத்தான் நடத்துகிறார், ஒரு பைசா தொட மாட்டார். அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவது போல ஆகிவிடும்.

ஊக்குநர் அக்கா, பண்ருட்டி:

தம்பி, அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தர்மபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991–92இல் நம்முடைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. கடலூர், விழுப்புரம் இரண்டும் அப்போது ஒரே மாவட்டம். அப்போது தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்துத்தான் நாங்களும் பிறகு ஆரம்பித்தோம். பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. ஆனால் கணக்கு விஷயத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் எனக்குப் பாடம். பணப்பெட்டி ஒருத்தியிடம், சாவி இன்னொருத்தியிடம், நோட்டு மூன்றாமவளிடம். யாரும் யாரையும் சந்தேகப்பட்டு அப்படிச் செய்யவில்லை. கூட்டம் தொடங்கியதும் முதல் வேலை, போன கூட்டத்தின் இருப்பு, இந்த வாரச் சேமிப்பு, யாருக்கு எவ்வளவு கடன் என்று சத்தமாகப் படிப்பது. யாரும் கேட்காமலே படிப்போம். கேட்ட பிறகு காட்டினால்தான் சந்தேகம், சங்கடம் எல்லாம். வாரா வாரம் தானாகப் படித்துவிட்டால் நல்ல மனிதருக்கு அது பாதுகாப்பு. உங்கள் அண்ணனைத்தான் சொல்கிறேன். நாளைக்கு யாராவது ஏதாவது அவதூறு பேசினால் அவர் எதைக் காட்டி வாயை அடைப்பார்?

வங்கியில் கடன் கொடுக்கும் முன் குழுவைத் தரம் பார்ப்பார்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு தவறாமல் வருகிறதா, உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் உள்கடன் சுழல்கிறதா, திருப்பிக் கட்டுகிறார்களா, புத்தகம் அன்றன்றைக்கு எழுதியிருக்கிறதா என்று. எங்களுக்கு வந்த மேலாளர் ஊக்குநராக, அதாவது குழுவை முன்நின்று நடத்துகிறவளாக இருந்த என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, ‘அம்மா, உங்க குழுவுல இப்ப எவ்வளவு இருப்பு இருக்கு?’ என்றார். அவள் சரியாகச் சொன்னாள். அன்றைக்கே மனம் நிறைந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உங்கள் குழுவிலும் மூலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

என் தவறையும் சொல்கிறேன். ஊக்குநரையும் பிரதிநிதியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி. ‘அக்கா நீங்களே இருங்க’ என்று சொன்னார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. பதினொரு வருடம் இருந்தேன். மகள் பேறுகாலத்துக்கு என்று நான் ஊரைவிட்டுப் போனதும் நாலு மாதத்தில் குழு நின்றுபோனது. அந்தப் பெண்களுக்கு நடத்தத் தெரியாமல் இல்லை. நடத்திப் பார்க்க நான் இடம் கொடுக்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

உப்பனாறு:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். குளம் தூர்வாரும் வேலையில் பல வருடம் இருந்தவன். எட்டுப் பேராக மண்வெட்டி எடுத்துப் போன காலத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று போட்டோம். அன்றிலிருந்து யார் பெயர் அழைப்பிதழில் முதலில் என்ற சண்டை. சேவை செய்ய வருகிறவன் படிவம் நிரப்ப வரவில்லை. இருக்கிற நல்ல மனதையும் விதி போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்:

உப்பனாறு அண்ணே, பதவி போட்டதால் வந்த சண்டை நீங்கள் சொல்வது. அது வேறு, கணக்கும் ஒழுங்கும் வேறு.

எங்கள் மீனவ ஊரில் பஞ்சாயத்து என்பது அரசு பஞ்சாயத்து வருவதற்கு முன்பிருந்தே உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி, திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு. தப்பு இருந்தால் அங்கேயே எழுந்து கேட்பார்கள். 2004 சுனாமியில் வெளியிலிருந்து எத்தனையோ பேர் உதவ வந்தார்கள். யார் வீட்டில் யார் போனார்கள், யாருக்கு என்ன போனது என்று அவர்களுக்கு முதலில் சொன்னது ஊர்ப் பஞ்சாயத்துதான். அந்த வலிமையை நான் கண்ணால் பார்த்தவன்.

அதே பஞ்சாயத்தின் குறையையும் அப்போதுதான் பார்த்தேன். உதவி தலைக்கட்டுக் கணக்கில் பிரிந்தது. தலைக்கட்டு என்றால் ஆண். புருஷன் இல்லாத வீட்டை முழுத் தலைக்கட்டாக எண்ணுவது வழக்கமில்லை. என் பெரியம்மா கூடையில் மீன் சுமந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வரிசையில் அவர் பெயர் இல்லை. பிறகு பேசித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. கணக்கு சுத்தம், கூட்டம் ஒழுங்கு, ஆனால் எண்ணும்போதே சிலரை விட்டுவிட்டால் அதை எந்தத் தணிக்கையும் காட்டாது.

அதனால் கெடிலக்கரைக்கு ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர்? அவர்களைக் கூப்பிடுகிறீர்களா?

கெடிலக்கரை:

எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் பெண்கள் பெயர் இருக்கிறது. போன வருடம் முழுக்க நாங்கள் அழைத்தது ஒன்பது பேரை. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி பார்த்தாலும் எத்தனையோ பேர் தகுதியானவர்கள். ‘ராத்திரி நேரம், வீட்டில் விடமாட்டார்கள்’ என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். பகலில் வந்த அழைப்புக்குக்கூட அவர்களைக் கேட்கவில்லை. முப்பது பேரை மறுபடி மறுபடி அலைக்கழித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

வில்லியனூர் மல்லிகை:

நான் புதுச்சேரிப் பக்கம் இரண்டு கொடையாளர் குழுக்களில் இருந்து விலகியவள். ஊர்ப் பெயர், குழுப் பெயர் வேண்டாம்.

முதல் குழுவில் என் எண்ணை என்னைக் கேட்காமலே நோயாளியின் உறவினருக்குக் கொடுத்தார்கள். ஜிப்மர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டு ஆள் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ‘சாப்பிட்டீங்களா’ என்று செய்தி அனுப்புகிறார். அட்மினிடம் சொன்னேன். ‘பிளாக் பண்ணிடுங்க சிஸ்டர்’ என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே வேறு ஒரு பெண்ணின் எண்ணை அதே மாதிரி பொதுக் குழுவில் போட்டார்கள். நான் வெளியேறினேன். ஏன் போனாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது குழுவில் எல்லோரும் அன்பானவர்கள். ஆனால் ஒரு யோசனை சொன்னால், ‘நீங்க புதுசு, போகப் போகப் புரியும்’ என்பார்கள். மூன்று வருடம் ஆன பிறகும் நான் புதுசுதான். முகாமில் எனக்கு வரவேற்பு மேசை, சந்தனம், கற்கண்டு. பட்டியலைப் பார்க்கவோ மருத்துவமனையில் பேசவோ ஒருநாளும் விடவில்லை.

உங்கள் குழு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், போனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அண்ணன் கூப்பிடக் கூடாது. அவர் குரலைக் கேட்டால் ‘வேலை ஜாஸ்தி அண்ணா’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். தலைமையில் இல்லாத ஒருவர் கேட்க வேண்டும், திரும்பி வரச் சொல்லாமல் கேட்க வேண்டும். இருப்பவர்களுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது எங்களுக்குத் தெரியும்.

அப்புறம், தேவை முடிந்ததும் நோயாளியின் பெயர், வார்டு, எண் எல்லாம் உள்ள செய்தியை நீக்குங்கள். நோயாளி இறந்து ஒரு வாரம் கழித்தும் அந்தக் குடும்பத்துக்கு ‘இன்னும் ரத்தம் தேவையா’ என்று போன் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாகூர் வயல்:

மல்லிகை சொன்னதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. ஒரு பெண்ணின் எண்ணைக் காக்கத் தெரியாத குழு எத்தனை யூனிட் கொடுத்திருந்தாலும் எனக்கு மதிப்பில்லை.

நான் ஏரிச் சங்கத்துக்காரன். பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலில் ஒருவன் முறை தவறி மடை திறந்தால் என்ன செய்வோம்? முதல் தடவை கூப்பிட்டுச் சொல்வோம். இரண்டாவது தடவை கூட்டத்தில் வைத்துக் கேட்போம். அப்புறம்தான் அபராதம். முதல் தவறுக்கே ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்கினால் அவன் மட்டும் போக மாட்டான், அவன் பங்காளிகளும் போவார்கள். உங்கள் 300 ரூபாய்ப் பையன் விஷயத்தில் நடந்தது அதுதான்.

2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் பல நாட்டுப் பாசனக் குழுக்களையும் மீனவ ஊர்களையும் ஆராய்ந்து இதையேதான் சொன்னார். நெடுங்காலம் நிலைத்த குழுக்களில் தண்டனை சிறியதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும், சண்டையைத் தீர்த்துக்கொள்ள அருகிலேயே செலவில்லாத ஓர் இடம் இருக்கும், விதியைப் போடுவதில் அதற்குக் கட்டுப்படுகிறவர்களுக்கும் பங்கு இருக்கும். படித்தபோது எங்கள் ஊரில் வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆனால் பணம் வாங்கியதைச் சின்ன விஷயமாக விடவும் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது இந்த நாட்டில் தடை. பெட்ரோல் காசு என்று தொடங்குவதுதான் நாளைக்கு விலை ஆகும். பையனுக்கு உண்மையிலேயே பெட்ரோலுக்குக் காசில்லை என்றால் அதைக் குழு கொடுக்க வேண்டும். கொடையாளர் கைக்காசில் ஜிப்மர் போய் வர வேண்டும் என்று எதிர்பார்த்தது குழுவின் குறை.

உப்பனாறு நண்பருக்கு: உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் (வாரியம் என்றால் நிர்வாகக் குழு) குடவோலையில் ஆள் எடுக்கும் விதி இருக்கிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதவே தகுதியில்லை. முந்தைய மூன்று ஆண்டில் வாரியம் செய்தவரும் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது, அந்தக் குறை பெரிது. தேவனாம்பட்டினம் நண்பரின் பெரியம்மாவுக்கு அங்கேயும் இடம் இருந்திருக்காது. ஆனால் கணக்கும் ஆள் மாற்றமும் நேற்று வெள்ளைக்காரன் கொடுத்த படிவம் இல்லை. ஆயிரத்து நூறு வருடமாக இந்த மண்ணில் இருப்பது.

உப்பனாறு:

பாகூர் நண்பரே, மடை உதாரணம் எனக்குப் புரிகிறது. நாங்கள் பதவியைப் போட்டோம், வேலையைப் பிரிக்கவில்லை. செயலாளர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. சண்டை அதனால்தான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் பதினொரு பேர் குழுவுக்குத் தணிக்கையாளர் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை. ஒரு நோட்டும் இரண்டு கையெழுத்தும் போதும்.

கெடிலக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணனைத் தனியாகப் பார்த்து முதலில் பேசினேன். பொதுவில் எழுப்பியிருந்தால் தவறாகியிருக்கும். பண்ருட்டி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், ‘எட்டு வருஷமா ராத்திரி போனை மார்ல வெச்சுக்கிட்டுதான் தூங்குறேன், யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன்’ என்றார். எங்களுக்கு அது தெரியாது. கணக்கைக் கேட்கத் தயங்கினோமே தவிர, அவர் களைத்துவிட்டாரா என்று கேட்க ஒருநாளும் நினைக்கவில்லை.

பட்டியல் இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது, கடைசியாகக் கொடுத்த தேதியோடு. கொடையாளரின் எண் இனிமேல் யாருக்கும் போகாது, நோயாளி வீட்டாரின் எண்ணைத்தான் கொடையாளருக்குக் கொடுப்போம். இரவு போனை ஆளுக்கொரு நாளாகப் பிரித்தோம். அண்ணனுக்கு ஒருநாள்தான். ஜிப்மர் போய்வரும் செலவு குழுவுடையது. மூலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னீர்களே, கேட்டோம். முகாம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணனைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

வெளியேறியவர்களை எங்கள் கல்லூரித் தங்கை ஒருத்தி கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். முப்பது பேரிடம் பேசியாகிவிட்டது. நான்கு பெண்கள் எண் வெளியே போனதைச் சொன்னார்கள். எங்கள் குழுவில்தான். மல்லிகை, உங்களிடம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நால்வரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்கிறோம்.

பெட்ரோல் பையன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், அவன் அம்மா தண்ணீர் கொடுத்தார்கள், அவன் வெளியே வரவில்லை. இன்னொரு முறை போவேன். இறந்துபோனவர் வீட்டுக்கும் மூன்று பேர் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அவர் மனைவி, கணவர் பத்திரமாக வைத்திருந்த கொடையாளர் அட்டைகளை எடுத்துக் காட்டினார்.

பதிவு செய்வதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. பாதிப் பேர் உப்பனாறு அண்ணன் மாதிரிதான் சொல்கிறார்கள். ஐயா, அதுவரை வங்கிக் கணக்குத் தொடங்க முடியுமா?

பதிவுத்துறை ஓய்வு:

தொடங்கலாம் தம்பி. பதிவு செய்யாத சங்கத்துக்கும் வங்கி கணக்குத் தரும். நிர்வாகக் குழுவின் தீர்மான நகல், சங்கத்தின் பெயரில் பான் அட்டை, யார் கணக்கை இயக்கலாம் என்ற அதிகாரக் கடிதம், கையெழுத்துப் போடுகிறவர்களின் அடையாளச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். மூன்று பேர் பெயர் கொடுத்து, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். மூவரில் ஒருவர் அந்த முகாம் கணக்கு தெரியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவராக இருக்கட்டும். முந்தைய இருப்பை அண்ணன் தன் கையாலேயே எழுதிக் கூட்டத்தில் படித்து, அதையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். வரைவை எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.